பேரைத் தவிர எல்லாம்

அரசாங்க ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கும் லிஃப்ட்டுக்கும் நடுவில், கண்ணாடி போட்ட ஒரு கவுண்டர் இருந்தது. மருத்துவக் காப்பீட்டு அட்டையோடு வருகிறவர்கள் முதலில் நிற்க வேண்டிய இடம் அதுதான். அதற்குள் உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் 'கார்டு அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் எவ்வளவோ மூத்த வாட்ச்மேனும் அக்கா என்றார். மாடியிலிருந்த பெரிய டாக்டர் போனில் கூப்பிட்டாலும், "கார்டு அக்காவா?" என்றுதான் ஆரம்பிப்பார். சம்பளச் சீட்டைப் பார்க்கும்போதுதான் அவளுக்குத் தன் சொந்தப் பேரே ஞாபகத்துக்கு வரும்.

வேலை ஒன்றும் மலையைப் புரட்டுவதல்ல. அட்டை எண்ணையும் ஆள் சொல்லும் தொந்தரவையும் கம்ப்யூட்டரில் போட்டு டாக்டரிடம் அனுப்ப வேண்டும். பிறகு, என்ன நோய், என்ன சிகிச்சை என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததை ஏற்றி, தலைமை அலுவலகத்திடம் அனுமதி கேட்க வேண்டும். அனுமதி கிடைத்ததும், இன்ன சிகிச்சைக்கு ஒப்புதல் என்று அட்டையில் பதிந்திருக்கும் போனுக்கு ஒரு மெசேஜ் போகும். ஆள் படுக்கைக்குப் போகலாம். அவ்வளவுதான். ஆனால் பயந்துபோய் வருகிற மனிதர்களிடம் இதைக் கேட்டு வாங்குவதற்கு ஒரு வாய் வேண்டும். அந்த வாய் அவளிடம் தாராளமாக இருந்தது.

அவளுக்குப் பேர்கள் மனதில் நிற்காது, நோய்கள் நிற்கும். அதனால் ஆட்களை நோயைச் சொல்லியே கூப்பிட்டுப் பழகியிருந்தாள். "பித்தப்பைக் கல் யாரு? வாங்க. குடலிறக்கம் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கிட்னிக்கு வழி விடுங்க" என்பாள். வரிசை சிரிக்கும். கூப்பிடப்பட்டவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டே வருவார். சிலர் தலையைக் குனிந்துகொண்டு வருவார்கள். குனிந்த தலை அவள் கண்ணில் படவில்லை. வரிசை நீளமாயிற்றே, யாருடைய தலையை என்று அவள் பார்ப்பாள்?

வீட்டில் மூன்று பேர். அவள், லிஃப்ட் மெக்கானிக்கான கணவன், மாமியார். ஒரே மகன் வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்தான். சாயங்காலம் மூவரும் சாப்பிட உட்கார்ந்ததும் கணவன், "இன்னைக்கு யாரு வந்தா?" என்று எடுத்துக் கொடுப்பான். அதற்குத்தான் காத்திருந்தவள்போல அவள் ஆரம்பிப்பாள். கவுண்டரில் நடந்ததெல்லாம் தட்டுக்கு முன்னால் ஒருமுறை மறுபடி நடக்கும். யார் பேரையும் சொல்லமாட்டாள். அதில் கண்டிப்பானவள். வேலைக்குச் சேர்ந்தபோது, நோயாளி விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள், அதை மதிக்கிறோம் என்ற நினைப்பு அவளுக்கு நிறையவே உண்டு. பேரைச் சொல்லமாட்டாளே தவிர, ஆளையே கொண்டுவந்து நிறுத்திவிடுவாள். குரல், நடை, மூக்கை உறிஞ்சும் விதம், சில்லறையைத் தேடும் விதம் எல்லாம் அப்படியே வரும். கடவுள் கொடுத்த திறமை, என்ன செய்வது, அதைக் கொண்டுபோய் அந்தக் கவுண்டரில் உட்கார வைத்திருக்க வேண்டாம்.

அவளுடைய முதல் ரசிகர் மாமியார்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம்" என்று ஒரு வார்த்தை சொல்வார். சிரிப்பு காதில் விழுந்த அளவுக்கு அந்தப் 'பாவம்' மருமகள் காதில் விழவில்லை.

அந்த மாமியாருக்குத்தான் உடம்பு சரியில்லை என்று கார்டு அக்கா கண்டுபிடித்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. காய் நறுக்குவதைக்கூட நின்றுகொண்டே செய்தார். உட்காரச் சொன்னால், "உட்கார்ந்தா சோம்பேறித்தனம் வரும்" என்பார். கனமான பாத்திரத்தைத் தூக்குவதற்கு முன் ஒரு கையை அடிவயிற்றில் வைத்துக்கொண்டார். அடிக்கடி பாத்ரூம் போனார். கிழிந்த பழந்துணிகளைத் தனியாகத் துவைத்து, கதவுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாத கம்பியில் உலர்த்தினார். கவுண்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து அரை டாக்டராகியிருந்தவளுக்கு இது போதாதா? கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது.

யாருக்கோ கேட்பதுபோலப் பெண்கள் பிரிவு டாக்டரிடம் கேட்டாள். ஒரு சின்ன ஆபரேஷனில் சரிசெய்துவிடலாம், காப்பீட்டிலேயே முழுக்க வரும் என்றார் டாக்டர். தள்ளிப்போட்டால் புண்ணாகும், சிறுநீர் அடைத்துக்கொண்டு கிட்னியையே கெடுத்துவிடும், நடக்க முடியாமல் போனபிறகு தூக்கிக்கொண்டு வருவார்கள், அப்போது எங்களால் முடிவது கொஞ்சம்தான் என்றும் சொன்னார். அவள் அம்மா இல்லாமல் வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்ட முதல் ஆள் இந்த மாமியார்தான்.

கெஞ்சினாள். மாமியார் பிடிகொடுக்கவில்லை. எனக்கு என்ன கேடு, கல் மாதிரி இருக்கிறேன் என்றார். கோபப்பட்டுப் பார்த்தாள். அன்று முழுக்க மாமியார் பேசவில்லை. கணவனிடம் சொல்லலாம் என்று நினைத்தபோது மாமியார் எப்படியோ அதை மோப்பம் பிடித்துவிட்டார். "என் மகன் காதுக்கு இது போச்சுன்னா நான் இந்த வீட்டுல இருக்கமாட்டேன்" என்று காய் நறுக்கிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னார். சொன்னால் செய்துவிடுகிற ஆள். மருமகளே ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும்போது ஊரில் இல்லாத தயக்கம் இவருக்கு ஏன் என்று கார்டு அக்காவுக்கு விளங்கவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் தையல்காரம்மா வந்தாள். இரண்டு தெரு தள்ளி, பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற பெண். நாளெல்லாம் மெஷின்முன் உட்கார்ந்து உட்கார்ந்து மூலம் முற்றியிருந்தது. ஆபரேஷன் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். கண்ணாடியின் ஓட்டை வழியாக வாயை வைத்து அவள், "மேடம், இதை மூட்டுவலின்னு போட்டுடுங்களேன்" என்றாள். அவள் கணவன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பான். அட்டையில் இருப்பது அவன் போன் எண். மெசேஜ் அங்கே போனால் கிளீனர் பையனிலிருந்து கூட ஓட்டுகிறவர்கள் வரை படித்துவிட்டுச் சிரிப்பார்கள்.

"மூட்டுன்னு போட்டா மூட்டைத்தானேம்மா அறுப்பாங்க" என்றாள் கார்டு அக்கா.

ஆனால் அவள் கெட்டவள் இல்லை. எண்ணை மாற்ற ஒரு வழி இருந்தது. தையல்காரம்மா துணி கொடுப்பவர்களுக்காக வைத்திருந்த சின்னப் போனின் எண்ணை அந்த இடத்தில் போட்டுக் கொடுத்தாள். தையல்காரம்மா கண்ணாடிக்கு வெளியிலிருந்து இரண்டு கையையும் கூப்பினாள். காதும் காதும் வைத்தாற்போல் வேலை முடிந்தது.

அதோடு விட்டிருக்கலாம். சாயங்காலம் வந்தது, தட்டு வந்தது, "இன்னைக்கு யாரு வந்தா?" வந்தது.

மூட்டைத்தானே அறுப்பார்கள் என்ற இடத்தில் கணவனுக்குச் சாப்பாடு புரையேறிவிட்டது. மாமியார் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். தையல்காரம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் நிற்பவரின் தோள்பட்டைத் தையலை இரண்டு விரலால் கிள்ளி இழுத்துப் பார்ப்பாள், யார் தைத்தது, எப்படித் தைத்தது என்று. கண்ணாடி நடுவில் இருந்ததால் அன்று அவள் விரல்கள் காற்றைக் கிள்ளின. கார்டு அக்கா அதையும் விடாமல் செய்து காட்டினாள். யார் என்று காட்டவேண்டும் என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை. கதை நன்றாக வரவேண்டும் என்ற ஆசைதான். மாமியார் சிரிப்பை நிறுத்தி, "பாவம்" என்றார்.

சில வாரம் கழித்துத் தையல்காரம்மா கவுண்டருக்கு வந்தாள். ஆபரேஷன் முடிந்து மறுபரிசோதனைக்கு வந்த நாள். கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றுவிட்டுக் கடைசியில் கண்ணாடி அருகே வந்தாள்.

"உங்க மாமியார் எனக்கு ஒரு தலையணை கொண்டுவந்து கொடுத்தாங்க மேடம். நடுவுல ஓட்டை போட்டது. அவங்களே பஞ்சு அடைச்சுத் தைச்சிருக்காங்க. உட்கார நல்லா இருக்கு."

கார்டு அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

"நல்ல மனசோடதான் கொடுத்தாங்க. வேற யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்தாங்க, அதுக்குக் குறை சொல்லமாட்டேன்." தையல்காரம்மா அட்டையை நீட்டினாள். "நான் கூடப்பிறந்தவகிட்டகூடச் சொல்லல மேடம். உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அட்டையை வாங்கிக்கொண்டு, மெதுவாக, கால்களைச் சற்று அகட்டி வைத்தபடி நடந்து போனாள். கார்டு அக்கா அன்று மத்தியானம் டிபன்பாக்ஸைத் திறக்கவில்லை.

வீட்டுக்குப் போன வேகத்தில் மாமியாரைப் பிடித்துக்கொண்டாள். குற்றத்தைத் தூக்கி இன்னொருவர் தலையில் வைக்க நமக்கெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தம்மாவிடம் போய் ஏன் தலையணை கொடுத்தீர்கள், அவளுக்கு எவ்வளவு அவமானமாக இருந்திருக்கும், என் வேலைக்கே உலை வைத்துவிடுவீர்கள் போலிருக்கிறதே என்று பொரிந்து தள்ளினாள். கணவன் இன்னும் வேலையிலிருந்து திரும்பியிருக்கவில்லை. மாமியார் அடுப்புமேடையில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டார்.

"அவ வலியோட உட்கார்ந்து தைக்கிறாளேன்னு மனசு கேக்கல, கொடுத்தேன். தப்புதான்" என்றார். "ஆனா யாருன்னு நீதானே சொன்ன?"

"நான் பேரே சொல்லலையே அத்தை."

"பேரைத் தவிர எல்லாத்தையும் சொன்ன."

மாமியார் கோபமாகப் பேசவில்லை என்பதுதான் அவளை அதிகமாகச் சுட்டது. தையல்காரம்மா மட்டுமில்லை, அதற்கு முன் சொன்னவர்களிலும் பாதிப் பேரைத் தனக்குத் தெரிந்துவிட்டது என்றார் மாமியார். பேப்பர் போடுகிறவர், பள்ளிக்கூட ஆயா, எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கும் ரிடயரான தபால்காரர். இவர்களையெல்லாம் தெருவில் பார்க்கும்போது தனக்கு அவர்கள் முகம் தெரிவதில்லை, நோய்தான் முன்னால் வந்து நிற்கிறது என்றார். "உன் புருஷன் வேற லிஃப்ட்டுக்குள்ள நின்னுக்கிட்டு எத்தனை பேருக்கு இதைச் சொன்னானோ."

அப்புறம் கையை அடிவயிற்றில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னார்: "நான் ஏன் வரமாட்டேங்கிறேன்னு கேட்டுக்கிட்டே இருந்தியே. இதான்மா. நாளைக்கு நானும் ஒரு சாப்பாட்டு நேரத்துக் கதையாயிடுவேன். என் பேரைச் சொல்லமாட்ட. என்னை மாதிரி நடந்து காட்டுவ."

கார்டு அக்கா அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். மாமியாரைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலிருந்தது, ஆனால் அதற்கான உரிமை தனக்கு இருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தது. தன் வாய்க்குப் பயந்து ஒரு மனுஷி வலியைச் சுமந்துகொண்டு இதே வீட்டுக்குள் நடமாடியிருக்கிறாள். அதுவும் தன் கதைக்குச் சிரித்துக்கொண்டே.

மறுநாள் தையல் கடைக்குப் போனாள். மன்னிப்புக் கேட்க வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு போனவள், வாசலில் எல்லாவற்றையும் மறந்து, "தப்பு பண்ணிட்டேன்மா" என்று மட்டும் சொன்னாள். தையல்காரம்மா பெடலிலிருந்து காலை எடுக்காமல் தைத்து முடித்தாள். "என்னோட நிக்கட்டும் மேடம். அடுத்தவங்களுக்கு வேணாம்" என்றாள். அவ்வளவுதான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, கார்டு அக்காவும் அதை எதிர்பார்க்கவில்லை.

அன்றிலிருந்து சாப்பாட்டு வேளையில் கதை நின்றது. கணவனுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. இன்று யாரும் வரவில்லையா என்று கேட்டான். வந்தார்கள் என்றாள். அப்புறம் என்றான். போனார்கள் என்றாள். இவளுக்கு ஜுரமா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். வீட்டில் கலகலப்பு போய்விட்டதே என்று அவனே கதை சொல்ல ஆரம்பித்தான். லிஃப்ட் கதைகளில் ஒரு சங்கடம், எல்லாவற்றுக்கும் ஒரே முடிவுதான்: கதவு திறந்தது. மாமியாரும் மருமகளும் கடமைக்குச் சிரித்தார்கள்.

கவுண்டரிலும் அவள் மாறத் தொடங்கினாள். கம்ப்யூட்டர் திரை இத்தனை நாளும் பாதி வரிசைக்குத் தெரிகிற மாதிரிதான் இருந்தது. ஜன்னல் வெளிச்சம் படக்கூடாது என்று அவளே திருப்பி வைத்தது. இப்போது தன் பக்கம் திருப்பினாள். வெயில் நேராகத் திரையில் அடித்து எழுத்தே தெரியவில்லை. மருந்து வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து மறைப்புக் கட்டிக்கொண்டாள். நோயைச் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்தி டோக்கன் எண் கொடுத்தாள். கவுண்டருக்கு உள்பக்கம் தன் நாற்காலிக்கு அருகில் ஒரு ஸ்டூல் போட்டு, ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

தாழ்ந்த குரலில் பேசுவது எளிதென்று நினைக்கிறவர்கள் ஒருநாள் அந்த ஸ்டூலுக்கு எதிரில் உட்கார்ந்து பார்க்கவேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் காது மந்தம். ஒரு பெரியவரிடம் அவள் கிசுகிசுவென்று கேட்க, அவர் வராண்டா அதிர, "மூலமா? எனக்கு மூலமெல்லாம் இல்லம்மா, விரைவீக்கம்தான்" என்று முழங்கினார். கார்டு அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு துண்டுக் காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டி, உடனே கிழித்துப் போடப் பழகினாள். வரிசை மெதுவாக நகர்ந்தது. மேலதிகாரி வந்து, முன்பெல்லாம் மத்தியானத்துக்குள் முடிந்துவிடுமே, இப்போது என்ன ஆயிற்று என்று கடிந்துகொண்டார். கேட்டுக்கொண்டாள். மறுநாளும் மெதுவாகத்தான் நகர்ந்தது.

மெசேஜ் எந்தப் போனுக்குப் போகவேண்டும் என்ற கேள்வியையும் அவள் எல்லோரிடமும் கேட்கத் தொடங்கினாள். முன்பு அட்டையில் இருந்ததை அப்படியே விட்டுவிடுவாள். இப்போது அந்தக் கேள்வியைக் கேட்டதும் சில பெண்கள் அவளை நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி பதில் சொல்வதற்கு முன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்க கார்டு அக்காவின் நாக்கு துறுதுறுத்தது. கேட்கவில்லை.

இவ்வளவும் நடந்தும் மாமியார் அசையவில்லை. கதை நின்றதை அவர் கவனிக்காமல் இல்லை. ஆனால் வலியை அனுபவிக்கிறவர் அவர், அவருக்கு நம்பிக்கை அவ்வளவு சுலபமாக வருமா? இதற்கிடையில் உடம்பு மோசமாகிக்கொண்டிருந்தது. கடைக்குப் போவதை நிறுத்தினார். மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். ஒரு காலையில் துவைத்துப் போட்ட பழந்துணியில் ரத்தக்கறை முழுதாகப் போகாமல் இருந்ததைக் கார்டு அக்கா பார்த்தாள். டாக்டர் சொன்ன புண் நினைவுக்கு வந்தது.

கணவன் கிளம்பிப் போனதும் மாமியாரிடம் போனாள்.

"அத்தை, நான் நாளைக்கு லீவு போடுறேன். என் சீட்டுல வேற பொண்ணு இருப்பா. அவளுக்கு உங்களைத் தெரியாது. கார்டுல இருக்கிற போன் நம்பரை உங்க நம்பரா மாத்திட்டேன், மெசேஜ் உங்களுக்குத்தான் வரும். உங்க பிள்ளைக்கு வராது, எனக்கும் வராது. நீங்க தனியாப் போய் என்னன்னு சொல்லிட்டு வாங்க. நான் எதுவும் கேக்கமாட்டேன்."

மாமியார் கேட்டார்: "நீ நினைச்சா மறுநாள் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துக்கலாமே."

"பார்க்கலாம்."

"பார்க்கமாட்டியா?"

"பார்க்கமாட்டேன் அத்தை."

சொல்வது சுலபம். அவளுக்கே தெரியும், அந்தத் திரையில் அட்டை எண்ணைத் தட்டினால் போதும், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். எந்த நோய், எவ்வளவு முற்றியிருக்கிறது, பிழைப்பாரா மாட்டாரா எல்லாம் வந்துவிடும். தன் வீட்டுக்குள் இருக்கும் ஒருவரின் உயிர் விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பேன் என்று அவள் வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆனால் மனப்பூர்வமாகத்தான் கொடுத்தாள். அவர் உடம்பு தேறினால் போதும், தனக்குத் தெரியாமலே தேறட்டும்.

மறுநாள் மாமியார் நல்ல உடையாக உடுத்திக்கொண்டு, அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். ஆட்டோ வரை கூட வரவா என்று கேட்க நினைத்துக் கார்டு அக்கா அடக்கிக்கொண்டாள். வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். இந்நேரம் டோக்கன் வாங்கியிருப்பார், இந்நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார் என்று மனம் கூடவே போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண் பொறுமையாகக் கேட்பாளா, சத்தமாகப் பேசிவிடுவாளா என்று வேறு பயம். திரையைத் தன் பக்கமே வைத்திருக்கச் சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

எதிர்பார்த்ததைவிட வெகு சீக்கிரம் மாமியார் திரும்பிவிட்டார். பையை ஆணியில் மாட்டினார். தண்ணீர் குடித்தார். கேட்கமாட்டேன் என்று சொல்லியிருந்ததால் கார்டு அக்கா கேட்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா நின்றாள்.

"நல்ல பொண்ணுதான்" என்றார் மாமியார். "உள்ள கூப்பிட்டு உட்கார வச்சா. மெதுவாத்தான் கேட்டா. எனக்குத்தான் வாய் வரல. கார்டை வாங்கிக்கிட்டு வந்துட்டேன்."

போச்சு, இனிமேல் இவரை அசைக்க முடியாது என்று கார்டு அக்கா நினைத்தாள்.

"வரிசையில நின்னேன் இல்ல, முன்னாடி ஒரு அம்மா பேசிக்கிட்டிருந்தாங்க. இன்னைக்கு அந்த அக்கா இல்லையே, அவங்க இருந்தா நம்ம விஷயம் நம்மளோட நிக்கும், நாளைக்கே வரேன்னு சொல்லிட்டுத் திரும்பிப் போயிட்டாங்க." மாமியார் தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. நாளைக்கு நீ இருப்பல்ல?"

"இருப்பேன் அத்தை" என்றாள்.

மறுநாள் அவர் வரிசையில்தான் வந்தார். மருமகள்தானே உள்ளே இருக்கிறாள் என்று முன்னால் வரவில்லை, டோக்கன் வாங்கிக்கொண்டு, தூணைப் பிடித்துக்கொண்டு தன் முறைக்கு நின்றார். எண்ணைக் கூப்பிட்டதும் உள்ளே வந்தார். ஸ்டூலில் உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே பேசுகிறேன் என்றார். கார்டு அக்கா எல்லோரிடமும் கேட்பதைப்போலவே கேட்டாள். மாமியார் எல்லோரையும்போலவே, குரலைத் தாழ்த்தி, கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு, எது இறங்கியிருக்கிறது, எங்கே புண், எப்போது ரத்தம் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். வீட்டில் இத்தனை காலம் சொல்லாததை அந்த அட்டைப்பெட்டி மறைப்புக்குப் பின்னால் சொன்னார். கார்டு அக்கா டாக்டருக்கு அனுப்பவேண்டிய விவரத்தை ஒவ்வொன்றாக ஏற்றினாள்.

"எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேட்டாள். அதுவும் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

மாமியார் கண்ணைத் திரையிலிருந்து எடுத்து அவளைப் பார்த்தார்.

"நீ இந்த வேலையில சேர்ந்த வருஷத்துலேர்ந்து."

கார்டு அக்காவின் விரல்கள் விசைப்பலகையில் அப்படியே நின்றன. எத்தனை சாயங்காலம், எத்தனை கதை. அத்தனைக்கும் இந்த வலியோடு உட்கார்ந்து சிரித்திருக்கிறார். அவள் தோள் குலுங்கத் தொடங்கியது. கண்ணாடிக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள் ஏதோ நடக்கிறது என்று ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள்.

மாமியார் அதைப் பார்த்தார். ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக நகர்ந்து வந்து, கண்ணாடிக்கும் மருமகளுக்கும் நடுவில், வரிசைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"அழுதுக்கோ" என்றார். "யாருக்கும் தெரியாது."

அவள் அழுது முடிக்கும்வரை அப்படியே மறைத்துக்கொண்டு நின்றார்.